பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 40 வாட் ஆம்ப்ளிஃபையர்: டவர் ஸ்பீக்கருக்கு மாறலாமா?

கரகரக்கத் தொடங்கிய பதினைந்து வயது ஸ்பீக்கர்கள், சேனலுக்கு (அதாவது ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு) 40 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசையும் பழைய திரைப்பாட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில், தரையில் நிற்கும் உயரமான டவர் வேண்டாம். நல்ல புக்‌ஷெல்ஃப் வகைச் சிறிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் அதற்குக் கனமான ஸ்டாண்டும் போதும். கிட்டத்தட்ட அதே அளவு அறையில் டவரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன் நான்.

கடையின் பெரிய கூடத்தில் கேட்டபோது அந்த டவர்கள் என்னை மயக்கிவிட்டன. வீட்டுக்கு வந்த அன்றே சிக்கல் தெரிந்தது. பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போது இரண்டு மூன்று ஸ்வரங்கள் மட்டும் அறையையே நிரப்பின. பக்கத்து ஸ்வரங்கள் காணாமல் போயின. மிருதங்கத்தில் இடப்பக்கமான தொப்பியின் கும்கி வளைந்து எழுவது கேட்கவே இல்லை, ஒரு முழக்கம்தான் மிஞ்சியது. ஸ்பீக்கரில் குறை இருக்கிறது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டையே போட்டேன். குறை அறையில் இருந்தது.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பன்னிரண்டு அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் ஒலி மாட்டிக்கொண்டு பெரிதாகும். பத்து அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளிலும் இதே கதைதான். டவர் ஸ்பீக்கர் பலமாகப் பேசுவது சரியாக இந்த இடத்தில். போதாக்குறைக்கு நம் வீடுகளில் செங்கல்லும் கான்கிரீட்டும். அமெரிக்காவில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் கொஞ்சம் அதிர்ந்து, தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். அந்த வீடுகளில் எழுதப்படும் விமர்சனங்களில் ‘பேஸ் போதவில்லை’ என்று படித்துவிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒதுக்காதீர்கள். உங்கள் அறைக்கு அதுவே நிறைவாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன்னால், பழையதன் முன்வலையைக் கழற்றி வூஃபரின் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பின்) ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது ஃபோம் வளையமாக இருந்து கையோடு உதிர்ந்து வந்தால், உங்களைத் தொந்தரவு செய்யும் கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். நம் ஊர் ஈரக் காற்றில் ஃபோம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கினால் அதிகம். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். புதிது வாங்கும்போது ரப்பர் வளையம் உள்ளதாகவே வாங்குங்கள்.

ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் பின்னட்டையிலோ கையேட்டிலோ ‘சென்சிடிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பது. அது 86 டெசிபல் என்றால், இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு ஜோடி, ஒரு வாட்டிலேயே ஏறக்குறைய 80 டெசிபல் தரும். வீட்டில் நாம் கேட்பது அதற்கும் குறைவு. தனி ஆவர்த்தனத்தில் விழும் பலமான அடிகளுக்குத்தான் 25, 30 வாட் தேவைப்படும். அது உங்களிடம் இருக்கிறது. அந்த எண்ணில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும் என்பதால் 85-க்குக் கீழே போக வேண்டாம். மின்தடை 4 ஓம் என்று போட்ட ஸ்பீக்கரானால் அது ஆம்ப்ளிஃபையரிடம் கூடுதல் மின்னோட்டம் கேட்கும், உங்கள் ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிறிய பெட்டியைக் குறைவாக நினைக்கிறவர்களிடம் நான் எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்வேன். 1970-களில் பிபிசியின் பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக வடிவமைத்தது. ஒரு முழம் உயரம்கூட இல்லாத பெட்டி. மனிதக் குரல் அதில் மனிதக் குரலாகவே வந்தது. இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

நீங்களும் குரலில் இருந்து தொடங்குங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாடகியின் பதிவை எடுத்துப் போங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதில் சீறினால் அந்த ஜோடி வேண்டாம். பிறகு தம்புரா. நான்கு கம்பிகளும் ஒன்றோடொன்று கலந்து, நடுவில் ஒரு ரீங்காரம் தானாக எழும் அல்லவா, அது வர வேண்டும். உலோகத் தகடு உரசுவதுபோல் கேட்டால், மேல் ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டர் கூர்மையாக இருக்கிறது. கூர்மையான ஸ்பீக்கர் கடையில் பத்து நிமிடம் அசத்தும், வீட்டில் ஒரு முழுக் கச்சேரி கேட்பதற்குள் காது சோர்ந்துவிடும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலும் அதுவே மேல் என்று நம் காது சொல்லிவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பலரைக் கேட்க வைத்தார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சீராக ஒலித்தவற்றைத்தான் அவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள்.

கேபிளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளம். இரண்டு பக்கமும் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒரு பக்கம் மாறிவிட்டால் பேஸ் மெலிந்துவிடும், குரலும் நடுவில் நிற்காது.

மிச்சமாகும் பணத்தை ஸ்டாண்டுக்குக் கொடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வர வேண்டும். பின்சுவரில் இருந்து ஓர் அடியாவது முன்னே இழுத்து வையுங்கள், மூலையில் வைக்கவே வேண்டாம். உங்கள் நாற்காலியும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால், மேல் ஸ்தாயியின் பளபளப்பு அடங்கும்.

திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு மாதத்துக்குப் பரண்மேல் போட்டு வையுங்கள்.