குறுவை நெல்லுக்குக் கூடுதல் விதையும் கூடுதல் யூரியாவும் வாங்க வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் இரண்டு ஏக்கரில் ஆடுதுறை 43 நெல் ரகத்தை நடவு செய்ய இருக்கிறேன். விதைக் கடையில் ஏக்கருக்கு 40 கிலோ வேண்டும் என்கிறார்கள். உரக் கடையிலோ, ஏக்கருக்கு நான்கு மூட்டை யூரியா போட்டால்தான் மகசூல் கிடைக்கும் என்பதோடு, நுண்ணூட்டக் குப்பி ஒன்றையும் சேர்த்து வாங்கினால்தான் யூரியா தருவோம் என்கிறார்கள். இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால நெல் ரகங்களின் நடவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் விதையளவு ஹெக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24 கிலோ. இதுவே தாராளமான அளவு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் நெல்மணிகளின் எடை 20 கிராம் என்று கொண்டால் 24 கிலோவில் 12 லட்சம் மணிகள் இருக்கும். உங்களுடையது சன்ன ரகம் என்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும். சதுர மீட்டருக்கு 50 குத்து (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுகள்) வீதம் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 லட்சம் குத்துகள்; குத்துக்கு மூன்று நாற்று வைத்தாலும் 6 லட்சம் நாற்றுகளே வேண்டும். முளைக்காதவை, நாற்றங்காலில் கழிபவை எல்லாம் போக இது போதும்.

40 கிலோவையும் ஓர் ஏக்கருக்கான அதே எட்டு சென்ட் நாற்றங்காலில் தெளித்தால் நாற்றுகள் ஒளிக்கும் சத்துக்கும் போட்டியிட்டு மெலிந்து வளரும். வயலில் இடம் இருந்தால் நெற்பயிர் தானே தூர் கட்டி (அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட்டு) அதை நிரப்பிக்கொள்ளும். குத்துக்கு ஆறேழு நாற்றாக நெருக்கினால் தூரும் குறையும், கதிரும் சிறுக்கும்.

யூரியாவுக்கு வருவோம். காவிரிப் பாசனப் பகுதிக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகள் முறையே 150, 50, 50 கிலோ. மணிச்சத்துக்காக ஏக்கருக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவான டிஏபி உரம் போட்டால், அதிலுள்ள தழைச்சத்து போக, 45 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை யூரியா போதும். அதையும் ஒரே தடவையில் கொட்டாமல், அடியுரமாகவும் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் கதிர் வெளிவரும்போதும் பிரித்து இட வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையிலுள்ள அளவையே பின்பற்றுங்கள். நான்கு மூட்டை போட்ட வயல் கரும்பச்சையாகக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் தண்டு மென்மையாகி, நெருக்கமான அடிப்பகுதியில் புகையான் பூச்சியும் இலையுறைக் கருகல் நோயும் குடியேறும், பதரும் கூடும், அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்தும் விடும்.

விதையின் அளவைவிடத் தரத்துக்கே பணம் கொடுங்கள். சான்று விதை மூட்டையில் நீல அட்டை இருக்கும். முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். செல்லுபடிக் காலத்தையும் அட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் நூறு மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

யூரியாவோடு வேறு பொருளை வாங்கும்படி கட்டாயப்படுத்துவதற்குக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. ரசீதைக் கேட்டு வாங்கி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருப்பதால், விதை பழுதானால் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அதற்காக ரசீதையும் அட்டையையும் அரைக் கிலோ விதையையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.