மார்கழி மழையில் ட்ரவுட் தூண்டில்

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஊட்டிப் பக்கம் ட்ரவுட் மீன் இருப்பதுபோல, எங்கள் காப்பித் தோட்டத்து ஓடையிலும் குஞ்சு விட்டு வளர்க்கலாமா? ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஜில்லென்றுதான் ஓடுகிறது. (ஏற்காடு, நாகலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். ஐப்பசித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சித்திரைத் தண்ணீரைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ட்ரவுட் திணற ஆரம்பிக்கும். 25-ஐ ஒட்டி நாள்கணக்கில் நின்றால் பிழைக்காது. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் கரையும், 25 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் மூச்சு அதிகம் வேண்டியிருக்கும். நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகம் 1907-லிருந்து இருக்கிறதென்றால், அந்த ஓடைகள் 2,000 மீட்டருக்கு மேலே ஓடுவதால்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். பங்குனியில் உங்கள் ஓடை நூலாக இளைத்து, வெயிலில் காய்ந்த பாறைமேல் வழிந்து வரும். தப்பித்தவறி நாலு மீன் பிழைத்தாலும், முதலில் தீர்ந்துபோவது அங்கேயே பிறந்து வளர்ந்த அயிரையும் கெண்டைக்குஞ்சும்தான்.

கேள்வி: மார்கழியில் மகன் வீட்டுக்கு, அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போகிறேன். அங்கே மலை ஓடையில் காட்டு ட்ரவுட் பிடிக்கலாம், மழை பெய்தால் இன்னும் நல்லது என்கிறான். மேட்டூரில் தக்கை போட்டுக் கெண்டை பிடித்த பழக்கம் மட்டும் உண்டு. எதைக் கொண்டுபோவது, எப்படிப் பிடிப்பது? (சேலம், அழகாபுரம் வாசகர்)

பதில்: முதலில் மண்புழு டப்பாவை மறந்துவிடுங்கள். அங்கே 'காட்டு ட்ரவுட் நீர்' என்று அறிவித்த ஓடைகளில் செயற்கை இரை மட்டும்தான், அதுவும் ஒற்றை முள்ளோடு. ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். ஆனால் 7 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 4-க்கு மேல் கூடாது. 16 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் உரிமம் வேண்டும். விதிகள் ஓடைக்கு ஓடை மாறும், ஆகவே கிளம்பும் முன் மாநில இணையதளத்தில் அந்த ஓடையின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மேட்டூர் கம்பு அங்கே ஆகாது. மரக்கிளை தலைக்குமேல் கவிந்திருக்கும் ஓடை என்பதால் 6 முதல் 7 அடி ராடு போதும். 4 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூஸ், 12 அல்லது 14-ஆம் நம்பர் முள்ளில் கட்டிய நிம்ஃப். நிம்ஃப் என்பது ஓடைக்கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப்புழுவைப் போல நூலும் இறகும் சுற்றி, தலையில் ஒரு சின்ன உலோக மணி கோத்த இரை. மழை நாளுக்கென்று சிவப்பு செனில் என்னும் பஞ்சுபோன்ற நூலில் புழு மாதிரி கட்டியதும் கடைகளில் கிடைக்கும். கரை கரைந்து மண்புழு தண்ணீரில் விழும் நேரத்தில் மீன் அதைத்தான் தேடும், விதிக்கும் அது செயற்கை இரைதான். இரைக்கு ஒரு சாண் மேலே மிளகு அளவு ஈயக்குண்டு ஒன்று.

இனி மழைக்கு வருவோம். பனிக்காலத்தில் ஓடை 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மீன் கசத்தின், அதாவது ஓடையின் ஆழமான பள்ளத்தின், அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். ஒரு முழம் தள்ளிப் போகும் இரைக்குக்கூட அசையாது. 7, 8 டிகிரிக்கு ஏறினால் நகர்ந்து வந்து தின்னும். மேகம் மூடிய இரவில் குளிர் அவ்வளவாக இறங்காது, மழைநீரும் பெரும்பாலும் ஓடையைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். உங்கள் மகன் சொல்வதன் அர்த்தம் இதுதான். ஆனால் மேலே மலையில் பனி கிடந்தால் கதை தலைகீழ். மழை அதைக் கரைத்துக் கொண்டுவந்து ஓடையை இன்னும் குளிர வைத்துவிடும். ஒரு சின்ன தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி எடுத்துப் போங்கள். விடியற்காலையில் ஓடவும் வேண்டாம், பகல் 11 மணி முதல் 3 மணி வரைதான் நல்ல நேரம். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில், அடிக்கல் மங்கலாகத் தெரிந்தால் போடுங்கள். பால் விட்ட காப்பி மாதிரி கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மடக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக, குனிந்து போக வேண்டும். வேகமாகப் பாயும் வெள்ளைத் தண்ணீரை விட்டுவிடுங்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று தங்கும் இடம், மரவேர் குடைந்த கரை, கசத்தின் வால்பகுதி, இந்த மூன்றும்தான் பனிக்கால மீனின் வீடு. இடத்துக்கு இரண்டு அடி மேலே போட்டு, இரை அடியை ஒட்டித் தண்ணீரின் வேகத்திலேயே வரட்டும். தங்கூஸ் இரையை இழுத்தால் மீன் நம்பாது, புதிதாகப் போடுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். நாலைந்து முறை போட்டால் ஒருமுறை கல்லில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஈயம் போதாது, ஒவ்வொரு முறையும் மாட்டினால் ஈயம் அதிகம். கெண்டை தக்கையை அமுக்குவதுபோல இது அமுக்காது. வந்துகொண்டிருக்கும் தங்கூஸ் ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். உடனே மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள். கை முழுக்க வெட்டி இழுத்தால் 15 சென்டிமீட்டர் மீன் மரக்கிளையில் தொங்கும்.

அங்கே மண்ணுக்குச் சொந்தமானது புரூக் ட்ரவுட் மட்டும். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல வளைகோடுகள், பக்கத்தில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித்துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டினதுபோல ஒரு வெள்ளைக் கோடு. இளஞ்சிவப்புப் பட்டை ஓடினால் ரெயின்போ, பழுப்பு உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி என்றால் பிரவுன். இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. புரூக் ட்ரவுட் கிடைத்தால் திருப்பி விட்டுவிடுங்கள். முள்ளின் உட்பக்கத்துச் சிறு கூர்முனையை முன்கூட்டியே குறடால் நசுக்கி வைத்தால் லேசாகக் கழன்று வரும். கையை நனைக்காமல் தொடாதீர்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பைத் துடைத்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கடும் உறைபனியில் மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே வேண்டாம், செவுள் உறைந்துபோகும்.

இன்னொன்று. புரூக்கும் பிரவுனும் இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுச் சரளையில் புதைக்கும், நீங்கள் போகும்போது முட்டை உள்ளேதான் இருக்கும். சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே அலம்பி வைத்ததுபோல ஒரு திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: சரபங்கா ஓடையில் மழைத்தண்ணீர் வந்தால் கெண்டை கடிப்பதே இல்லை. ஏன்? (ஓமலூர் வாசகர்)

பதில்: நடுவில் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. செந்தண்ணீர் வந்தால் மீன் நடு ஓட்டத்தில் நிற்காது, கரையோரப் புல்லுக்கும் வேருக்கும் ஒதுங்கிவிடும். காலடியில், இரண்டு முழ ஆழத்தில், புது மண்புழுவைப் போடுங்கள். கலங்கலில் கண்ணைவிட மோப்பம்தான் அதற்கு உதவும்.

கேள்வி: தண்ணீர் ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஏற்காடு வாசகி)

பதில்: நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே கொட்டியிருக்கலாம். போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள். நாலு விரல் ஏறினாலோ, திடீரென்று நிறம் மாறிச் சருகு மிதந்தாலோ, அப்போதே கரையேற வேண்டும். ஓடையைத் தாண்டி அக்கரையில் இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே கிளம்ப வேண்டும். கிளியூர் அருவிக்குப் போகும் தண்ணீரில் தூண்டில் போட நினைக்கவே வேண்டாம்.