பிக்கப் டயருக்கு எவ்வளவு காற்று? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறோம். திரும்பும்போது வெறும் பெட்டிகள்தான். டயரில் 65 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதால் பங்சர் கடையில் நான்கு சக்கரத்துக்கும் 65 அடித்து விடுகிறார்கள். காலியாக வரும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. முன் டயர்கள் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. சரியான அளவு எது?
வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: டயரின் பக்கச் சுவரில் இருக்கும் 65, அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்கும்போது தேவைப்படும் காற்று. டயர் கம்பெனிக்கு உங்கள் வண்டி எது, முன்னால் எவ்வளவு எடை, பின்னால் எவ்வளவு எடை என்று எதுவும் தெரியாது. அது தெரிந்தவர் வண்டியைச் செய்தவர். அவர் சொல்லும் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, வண்டியோடு கொடுத்த கையேட்டிலோ இருக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, பல வண்டிகளில் காலிக்கும் சுமைக்கும் தனித்தனியாக என்று பிரித்தே கொடுத்திருப்பார்கள். பார் கணக்கில் இருந்தால் 14.5 ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ கிடைக்கும். சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்றிருந்தால் 14.2 ஆல் பெருக்குங்கள். ஸ்டிக்கர் இருந்து, டயரும் வண்டியோடு வந்த அளவுதான் என்றால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால், அல்லது டயர் அளவை மாற்றியிருந்தால், எடைமேடைக்குப் போய்விடுங்கள். வழக்கமாக ஏற்றும் லோடோடு, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கும்போதே முழு வண்டியை ஒருமுறை எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒருமுறை. மேடையும் அதன் வாசலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஏற்றமாக இருந்தால் கணக்கு பிசகும். முன், பின் இரண்டையும் கூட்டினால் முழு எடைக்கு நெருங்கி வரவேண்டும். காலி வண்டிக்கும் இதையே செய்துகொள்ளுங்கள்.

அடுத்து டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 106/104 என்பதுபோல இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள பிக்கப்புக்கு முதல் எண்தான். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120 கிலோ.

ஓர் எடுத்துக்காட்டு. டயர் 110, முழுக் காற்று 65. லோடோடு முன் அச்சில் 1,100 கிலோ, பின் அச்சில் 1,900 கிலோ. அப்படியானால் பின் டயர் ஒன்றுக்கு 950 கிலோ. லோடு இரு பக்கமும் ஒரே மாதிரி உட்காராது என்பதால் 10 விழுக்காடு கூட்டி 1,045 என்று வையுங்கள். 1,045ஐ 1,060ஆல் வகுத்து 65ஆல் பெருக்கினால் 64 வருகிறது. ஆக, லோடு இருக்கும்போது பின்னால் 65 சரியே. முன் டயர் ஒன்றுக்கு 550, பத்து விழுக்காடு சேர்த்து 605. கணக்குப்படி 37 பிஎஸ்ஐ. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், அதனால் 40 வைக்கலாம். காலியாக வரும்போது பின் அச்சில் 750 கிலோ என்றால் கணக்குப்படி சுமார் 25 பிஎஸ்ஐதான். ஆனால் எல்டி (இலகு ரக லோடு வண்டி) வகை டயரில், சாலையில் ஓடும்போது 35க்குக் கீழே இறங்கக் கூடாது. பக்கச் சுவர் நிற்காது. இந்தக் கணக்கு நேர் விகிதத்தில் போட்டது. டயர் கம்பெனிகளின் அட்டவணையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும் என்பதால் பாதுகாப்பான பக்கமே நிற்கிறோம்.

35 போதும் என்ற இடத்தில் 65 இருந்தால் வண்டி துள்ளாமல் என்ன செய்யும்? முன்னால் 40 போதும் என்ற இடத்தில் 65 இருந்ததால்தான் நடு பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) தேய்ந்தது. முதலில் முன் டயரை இறக்குங்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் உடனே மாறுவதைப் பார்ப்பீர்கள். பின் டயரில் தினமும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையே லோடு என்றால் லோடுக்கான காற்றிலேயே திரும்பி வாருங்கள், ஆனால் மழை நாளில் வேகத்தைக் குறைத்து. காலி வண்டியில் காற்று மிகுந்த டயர் சாலையைத் தொடும் பரப்பு சிறியது. ஈரத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கும். நாலைந்து நாள் லோடே இல்லை என்றால் 40-45க்கு இறக்கிக்கொள்ளுங்கள். திரும்ப ஏற்றும்போது லோடு வைப்பதற்கு முன்பே காற்றை ஏற்றிவிட வேண்டும்.

கேள்வி: சில நாட்களில் நாலு மூட்டை கூடுதலாக ஏற்ற வேண்டி வருகிறது. 65க்குப் பதில் 80 அடித்துக்கொண்டால் தாங்குமா?
வாசகர், விருத்தாசலம்

பதில்: தாங்காது. டயரின் தாங்கு திறன் அதில் குறித்திருக்கும் காற்றோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அடிக்கும் காற்று வண்டியை உயர்த்திக் காட்டுமே தவிர, ஒரு கிலோ கூடத் தாங்காது. டயரின் உள் இழைகள் விறைத்து நிற்பதால் குழியில் இறங்கும்போது அடி வாங்கி அறுந்துபோகும். பக்கச் சுவரில் திடீரென்று முட்டை போலப் புடைப்பது இதனால்தான். ட்யூப்லெஸ் ரிம்மில் மாட்டும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமே செய்யப்பட்டது. அதற்கு மேல் காற்று வேண்டிய டயர் என்றால் உயர் அழுத்த வால்வோ, நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். ரிம்முக்கும் அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். தொடர்ந்து அதிக எடை ஏற்ற வேண்டியிருந்தால், இரண்டு நடை போவதோ பெரிய வண்டி எடுப்பதோதான் வழி.

கேள்வி: கோடையில் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால் சூட்டில் டயர் வெடித்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: இது உயிரை வாங்கும் யோசனை. கோடையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைந்து ஓடியவை. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவது போல அந்த இடம் சூடேறி, ரப்பரும் இழையும் பிரிந்துவிடுகின்றன. அதன் மேல் லோடும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் சுவர் பிய்ந்துபோகும்.

சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது உண்மைதான். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்தே டயரைச் செய்திருக்கிறார்கள். காலையில் 30 டிகிரியில் 65 வைத்த டயர், உள்ளே 60 டிகிரி ஆகும்போது 73 காட்டும். 40 வைத்தது 45 காட்டும். வழியில் நிறுத்தி அந்த எட்டு பிஎஸ்ஐயைத் திறந்து விட்டால், மறுநாள் காலை அதில் 58தான் இருக்கும். அதே லோடை ஏற்றினால் முந்தின நாளைவிட அதிகமாகச் சூடாகும்.

காற்றைப் பார்க்க வேண்டியது குளிர்ந்த டயரில். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும். பங்க் தூரம் என்றால் சொந்த கேஜ் ஒன்று வாங்கி வீட்டிலேயே அளந்து, குறைவை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் 60 காட்டியதை 65 ஆக்க வேண்டும் என்றால், பங்க்கில் அது எவ்வளவு காட்டினாலும் அதோடு 5 சேருங்கள். கேஜ் 100 பிஎஸ்ஐ வரை காட்டுவதாக இருக்கட்டும். பைக், காருக்கான சில கேஜ்கள் 60லேயே முடிந்துவிடும். வழியில் ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால், அதே அச்சில் இருக்கும் ஜோடி டயர் காட்டும் அளவுக்கு நிரப்பி ஓட்டி, மறுநாள் காலை திரும்பப் பாருங்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து கேரட் இறக்குகிறோம். மேலே ஏறும்போது காற்றை மாற்ற வேண்டுமா?
வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜ் சுமார் 3 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். மேலே குளிர் என்பதால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கிக் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். உங்கள் பாதையில் முக்கியம், லோடோடு இறங்கும்போது முன் டயர் மீது சாயும் எடை. அதனால் முன் டயரில் ஸ்டிக்கர் அளவுக்கு ஒரு பிஎஸ்ஐ கூடக் குறையாமல் வைத்திருங்கள். இறக்கத்தில் கியரிலேயே வண்டியைப் பிடியுங்கள். விடாமல் பிரேக் மிதித்தால் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயருக்கும் வால்வுக்கும் போகும்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் நல்லதா?
வாசகர், ஓசூர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஈரம் இல்லாமல் வருவதுதான் அதன் முக்கிய லாபம். தாங்கு திறன் கூடாது, அளவையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல கேஜ் வாங்கலாம்.

கேள்வி: ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு ஏழு எட்டு பிஎஸ்ஐ இறங்குகிறது. ஆணி எதுவும் இல்லை. தேய்மானமும் ஒழுங்காக இல்லை.
வாசகர், கரூர்

பதில்: மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. வாரத்துக்கு ஏழு என்றால் கசிவு இருக்கிறது. முதலில் மூடியைக் கழற்றி வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் போதும், சில ரூபாய் வேலை. அடுத்து வால்வின் அடிப்பகுதி; ரப்பர் வெடித்திருந்தால் வால்வையே மாற்றுங்கள். பிறகு ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் இரண்டு பக்கமும் தண்ணீர் விடுங்கள். பழைய இரும்பு ரிம்மில் துரு பிடித்து, அந்த வழியாகக் கசிவது அதிகம். டயரைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும்.

கழற்றும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கருப்பு ரப்பர் தூள் கொட்டினாலோ, பக்கச் சுவரின் உள்ளே சுற்றிலும் சுருக்கக் கோடு தெரிந்தாலோ அந்த டயர் குறைந்த காற்றில் லோடோடு ஓடியிருக்கிறது. வெளியே புதிதாகத் தெரிந்தாலும் திரும்ப மாட்டாதீர்கள். வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதாவது 65க்கு 52 ஆகி ஓடிய டயரை இப்படிப் பிரித்துப் பார்க்காமல் காற்று மட்டும் அடித்து அனுப்புவது ஆபத்து.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட்டைப் பாருங்கள். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரோ வீல் பேரிங்கோ போயிருக்கலாம். பட்டன் ஆழம் எந்த இடத்திலும் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படியே டயரை மாற்ற வேண்டும். லோடு வண்டிக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதால் அதில் பின் சக்கரத்தின் லோடு அளவை வையுங்கள்; தேவைப்பட்டால் குறைத்துக்கொள்ளலாம், நடுவழியில் ஏற்றுவது கடினம்.

கேள்வி: மீன் ஏற்றக் கடற்கரை மணலுக்குள் போக வேண்டியிருக்கிறது. பின் சக்கரம் புதைந்துவிடுகிறது. காற்றைக் குறைக்கலாமா?
வாசகர், ராமேஸ்வரம்

பதில்: காலி வண்டிக்குக் குறைக்கலாம். காற்று குறைந்தால் டயர் நீளமாகப் படிந்து, எடை பரந்த இடத்தில் இறங்கும், சக்கரம் புதையாது. நான்கு டயரையும் 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, மணிக்கு 15 கிலோமீட்டருக்குள், இரண்டாவது கியரில் நிற்காமல் ஓட்டுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 15க்குக் கீழே இறக்கவே வேண்டாம். சக்கரம் சுழல ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை விட்டு, சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் மணலைத் தோண்டி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

மீன் ஏற்றிய வண்டியோடு இதைச் செய்ய முடியாது. 20 பிஎஸ்ஐயில் லோடோடு ஓடினால் பக்கச் சுவர் சீக்கிரமே போய்விடும். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, கூடைகளை அங்கே கொண்டுவந்து ஏற்றுவதே சரி. பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும். மணலை விட்டு வெளியே வந்ததும், லோடு வைப்பதற்கு முன்பே காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். சிறிய கம்ப்ரசருக்கு ஒரு டயருக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். அன்றே நல்ல தண்ணீரால் ரிம்மின் உள்பக்கத்தையும் வால்வையும் கழுவி, வால்வு மூடியைத் திரும்ப இறுக்கிவிடுங்கள்.