நைட் ஷிப்ட் எல்லாம் என் மகனுக்கேயா?

உப்புவெளி அம்மாவுக்கு,

உங்கள் குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். மகன் வெளிநாட்டில் பிஎச்டி செய்கிறான், ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பரிசோதனை ஒன்றில் வேலை, குழுவில் ஐந்து மாணவர்கள் இருந்தும் இரவு ஷிப்ட் இவனுக்கே வருகிறது, கேட்டால் "பரவாயில்லை அம்மா" என்கிறான். பேராசிரியருக்கு நானே எழுதவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பள்ளிக்கூட அதிபரைப் போய்ப் பார்ப்பது மாதிரி இல்லை இது. அங்கே பிள்ளையைத்தான் அது சின்னவனாக்கும்.

செர்னில் துகள்களை மோதவிடும், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்த இயந்திரம் ஓடும் மாதங்களில் இரவு பகல் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்: காலை 7, பிற்பகல் 3, இரவு 11. அட்லஸ், சிஎம்எஸ் போன்ற பரிசோதனைகளில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்தொகைக்கு ஏற்ற பங்கை எடுக்க வேண்டும். அந்தப் பங்கை எந்த மாணவன் தலையில் வைப்பது என்பது பெரும்பாலும் அவரவர் குழுவுக்குள் முடிவாகிற காரியம். ஆக, மகன் மல்லுக்கட்ட வேண்டியது செர்னோடு அல்ல, கூட இருக்கும் நாலு பேரோடுதான்.

அவர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஒருவர் ஆய்வேடு எழுதுகிறார், ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் "எனக்கு ஏலாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மிஞ்சுவது வாய் திறக்காதவன். நானும் மாஸ்டர்ஸ் செய்த காலத்தில் அப்படித்தான் தலையாட்டினேன். கடைசியில் பேராசிரியர் தந்த சிபாரிசுக் கடிதத்தில் அந்த இரவுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது, நான் சொன்னால்தானே!

இந்தத் துறையில் அது இன்னும் மோசம். கட்டுரைகளில் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். 2015இல் அட்லஸும் சிஎம்எஸ்ஸும் சேர்ந்து ஹிக்ஸ் என்ற துகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். யார் விடிய விடிய விழித்திருந்தார் என்று அதில் தேட முடியுமா?

அதனால் மகனை முதலில் ஒரு எக்செல் தாள் போடச் சொல்லுங்கள். ஐந்து பேரின் பெயர். பகல், இரவு, சனி ஞாயிறு தனித்தனியாக. கடந்த ஆறு மாதக் கணக்கு. மற்றவர் ஷிப்டை இவன் மாற்றி எடுத்திருந்தால் அதையும் குறிக்கட்டும், அவைதான் முதலில் மறந்துபோகும். பிறகு அதைக் குழுவுக்கு அனுப்பி, "அடுத்த அட்டவணையை எல்லோரும் சேர்ந்து போடலாமா?" என்று மட்டும் கேட்கட்டும். குறை சொல்லத் தேவையில்லை, தாளே சொல்லும். ஒருவேளை இவன் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை என்றும் தெரியவரலாம். அதுவும் நல்லதுதான்.

எப்படிப் பிரிப்பது? நம் கரைவலைக்காரரைப் பாருங்கள். ஒரே கரையில் பல வலை இருந்தால் முறை வைத்துத்தான் வளைப்பார்கள். இங்கேயும் ஆளுக்கு ஒரு ஷிப்டாகத் தெரிவு செய்துகொண்டு வரட்டும். முதல் சுற்றில் கடைசியாகத் தெரிந்தவர் அடுத்த சுற்றில் முதலில் தெரியட்டும். இரவுகளைத் துண்டு துண்டாகப் போடாமல் மூன்று நாலு சேர்த்து எடுத்தால் உடம்பு ஒருமுறைதான் பழக வேண்டியிருக்கும். அது முடிந்த அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிடக் கூடாது என்பதையும் பேசி வைக்க வேண்டும்.

இன்னொன்று. நத்தாருக்கு அந்த இயந்திரமே நிற்கும், அங்குள்ளவர்களுக்குக் கேளாமலே லீவு. தீபாவளி ஒக்டோபர், நவம்பரில் வருவதால் பெரும்பாலும் ஓடும் காலத்தில் அகப்படும். மற்றவர்களுக்கு அந்த நாள் தெரியாது. முன்கூட்டியே கேட்டால் கொடுப்பார்கள், கேட்கச் சொல்லுங்கள்.

இரவு ஷிப்டே வேண்டாம் என்று மட்டும் நிற்க வேண்டாம். நடுச்சாமத்தில் ஏதோ பிழைத்துப்போய், யாரை எழுப்புவது என்று தானே முடிவெடுத்த கதை வேலை நேர்முகத்தில் நன்றாக எடுபடும். நடந்ததை அன்றன்றே நாலு வரி எழுதி வைக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் காலை ஆறு மணிக்கு எடுக்கும்போது அங்கே இரவு இரண்டரை, அவன் கட்டுப்பாட்டு அறையில் இருப்பான். ஷிப்ட் முடியும்போது நமக்குப் பத்தரை. பதினொரு மணிபோல எடுங்கள், அறைக்குப் போகிற வழியில் கதைப்பான். பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காதீர்கள், தூங்கட்டும்.