1943 பட்டியலில் அச்சுப்பிழை இல்லை

கேள்வி: இண்டியானா மாநிலத்தில் வசிக்கிறோம். பள்ளியில் படிக்கும் என் மகன், வரலாற்றுப் பாடத்துக்காக நோட்டர் டேம் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் 1943ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆட்டப் பட்டியலைப் பார்த்தால் குழப்பம்தான். கடைசி ஆட்டத்தில் தோற்ற அணிக்கு எப்படி முதலிடம்? அதை வென்ற ‘கிரேட் லேக்ஸ்’ என்ற பெயரில் கல்லூரியே இல்லையே? எதிரணி வீரர்கள் சிலர் இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டியலிலும் வருகிறார்கள். எதை நம்பி எழுதுவது?

பதில்: எல்லாவற்றையும் நம்பி எழுதலாம். நீங்கள் பிழை என்று நினைப்பவை அனைத்தும் உண்மை. இரண்டாம் உலகப் போரின் நடுவே வந்த அந்த ஆண்டுதான் விசித்திரமானது.

முதலில், இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்கள். கடற்படைக்கும் மரீன் படைக்கும் அதிகாரிகள் வேண்டும் என்று 1943 ஜூலை 1 அன்று ‘வி-12’ என்ற பயிற்சித் திட்டம் 131 கல்லூரிகளில் தொடங்கியது. எந்த மாணவன் எங்கே படிக்க வேண்டும் என்று படைதான் முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு விஸ்கான்சின் அணியில் கலக்கிய எல்ராய் ஹர்ஷ், இப்படித்தான் மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தார். இல்லினாயின் அலெக்ஸ் அகாசி, டோனி புட்கோவிச் இருவரும் பர்டியூவுக்கு வந்தார்கள். அந்தப் பருவத்தில் பர்டியூ ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை; அவர்களுடைய பழைய இல்லினாயும் அதனிடம் தோற்றது. பயிற்சி மாணவர்கள் வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். அது போக ஃபுட்பாலும் ஆடலாம் என்று கடற்படை அனுமதித்தது. தரைப்படையோ தன் பயிற்சி மாணவர்கள் கல்லூரி அணிகளில் ஆடக் கூடாது என்று தடுத்துவிட்டது. எந்தக் கல்லூரிக்கு எந்தப் படை வந்தது என்பதிலேயே பல அணிகளின் தலையெழுத்து அடங்கியிருந்தது. அலபாமா, ஸ்டான்ஃபோர்டு போன்ற பெரிய இடங்களில் அந்த ஆண்டு அணியே இல்லை. பட்டியலில் அவற்றுக்கு நேரே வெற்றிடம் இருந்தால், தகவல் விடுபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அடுத்து கிரேட் லேக்ஸ். அது சிகாகோவுக்கு வடக்கே உள்ள கடற்படைப் பயிற்சி நிலையம். இத்தகைய முகாம்களும் கல்லூரி அணிகளோடு மோதின. வாராந்திரத் தரவரிசையிலும் இடம்பெற்றன. உங்கள் மகன் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. ‘ஐயோவா ப்ரீ-ஃப்ளைட்’ வேறு, ஐயோவா பல்கலைக்கழக அணி வேறு. முன்னது அதே வளாகத்தில் இயங்கிய கடற்படை விமானிகள் பள்ளியின் அணி. இரண்டும் ஒன்றோடொன்று மோதியும் இருக்கின்றன! அதேபோல் ‘நேவி’ என்று மட்டும் இருந்தால் அது அன்னாபொலிஸில் உள்ள கடற்படை அதிகாரிகள் அகாடமி. முகாம் அணி அல்ல.

இனி முதலிடம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் இறுதித் தரவரிசை பத்திரிகையாளர்களின் வாக்குகளால் அமைவது. நோட்டர் டேம் தோற்றது தெரிந்துதான் அவர்கள் வாக்களித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. இரண்டாம் இடம் ஐயோவா ப்ரீ-ஃப்ளைட், மூன்றாவது மிச்சிகன், நான்காவது நேவி: மூவரையும் நோட்டர் டேம் வென்றிருந்தது. மிச்சிகனை 35-12, நேவியை 33-6. ஐயோவா ப்ரீ-ஃப்ளைட்டை வென்றதோ 14-13 என்று மயிரிழையில். இரு அணிகளும் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, ஆறு புள்ளி) போட்டன; ஒவ்வொன்றுக்கும் பிறகு வரும் கூடுதல் புள்ளிக்கான உதை ஐயோவா ப்ரீ-ஃப்ளைட்டுக்கு ஒருமுறை தவறியது. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வாரம், நவம்பர் 27 அன்று, கிரேட் லேக்ஸ் கடைசி நிமிடத்தில் நீண்ட தூரம் பந்தை வீசி 19-14 என்று வென்றது. அந்த அணிக்குத் தரவரிசையில் ஆறாம் இடம்.

நோட்டர் டேம் பக்கத்திலேயே இன்னொரு விஷயமும் கண்ணை உறுத்தும். சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்ற ஏஞ்சலோ பெர்டெல்லி, பத்து ஆட்டங்களில் ஆறில் மட்டுமே ஆடினார். அந்த ஆறில் 36 முறை பந்தை வீசினார், 25 சக வீரர்களின் கைசேர்ந்தன, அவற்றில் பத்து டச்டவுன். நேவியுடனான ஆட்டம் முடிந்ததும் மரீன் படை அவரை அழைத்துக்கொண்டது. அவர் இடத்தில் இறங்கியவர் 18 வயது ஜானி லுஜாக். யாங்கி ஸ்டேடியத்தில் ஆர்மி அணிக்கு (தரைப்படை அகாடமியின் அணி) எதிரே, புதுப்பையன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தவர்கள் முன்னால் இரண்டு டச்டவுனுக்குப் பந்து வீசி, ஒன்றைத் தானே ஓடிப் போட்டார். 26-0.

ஆகவே அணிவாரியாக எழுதாமல் ஆள்வாரியாக, தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி போதும்: 1942இல் எங்கே, 1943இல் எங்கே, படைக்கு எப்போது போனார், திரும்பி வந்தாரா. அகாசியின் வரி இல்லினாய், பர்டியூ, மறுபடியும் இல்லினாய் என்று போகும். புட்கோவிச்சின் வரி 1945இல் ஒகினாவாவில் நின்றுவிடும். அங்கே போரில் கொல்லப்பட்டார். லுஜாக்கின் வரியில் 1943க்குப் பிறகு ஒரு இடைவெளி வரும், பிறகு 1946, பிறகு 1947இல் அவருக்கும் ஹைஸ்மன் கோப்பை. நடுவில் உள்ள கட்டத்தில் ‘தகவல் இல்லை’ என்று எழுதிவிட வேண்டாம். அப்போது அவர் ஆங்கிலக் கால்வாயில், நீர்மூழ்கிகளைத் தேடும் கடற்படைக் கப்பல் ஒன்றில் இருந்தார்.