அண்ணன் சொன்ன ரோபோவும் என் இரவுக்கடமையும்

உப்புவெளியிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்த தங்கச்சிக்கு,

உங்கள் கேள்வி இதுதானே? பி.எஸ்.டபிள்யூ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் பராமரிப்பு உதவியாளர் படிப்புக்குப் பணம் கட்ட இருந்தீர்கள். வங்கியில் வேலை செய்யும் அண்ணன், “இன்னும் ஐந்து வருடத்தில் அதையெல்லாம் செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் செய்துவிடும், வீணாகக் காசைக் கரைக்காதே” என்று தடுத்துவிட்டார். கட்டலாமா, விடலாமா?

கட்டுங்கள். அண்ணனுடைய கிளையில் முன்பு எத்தனை காசாளர்கள் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்றும் ஒருமுறை அவரிடம் விசாரியுங்கள். கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நானும் திருகோணமலைதான். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. முதலில் வீடுவீடாகப் போய்ச் செய்தேன், பிறகு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், பெரும்பாலும் இரவுக்கடமை. ரோபோ வந்து எங்கள் வேலையைப் பறிக்கும் என்று முதலில் கேட்டது 2015இல். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் கரடி முகத்தோடு ‘ரோபெயர்’ என்று ஒன்றைச் செய்து, அது ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தும் காட்சியை வெளியிட்டது. கரடியின் எடை 140 கிலோ. அது ஆய்வுகூடத்தைத் தாண்டி விற்பனைக்கு வரவே இல்லை. நாங்கள் இன்றும் மோட்டார் தூக்கியைத்தான் வைத்திருக்கிறோம். ஆளைப் பக்கவாட்டில் புரட்டித் துணிப்பட்டியை முதுகின் கீழ் நுழைக்க ஒருவர், கால் எங்கேயும் மாட்டாமல் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் நிற்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது பயந்துபோன ஆச்சி உங்கள் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார். அதுவும் வேலையில் அடக்கம்.

வந்திருப்பவை வேறு, சத்தமில்லாமல் வந்திருக்கின்றன. புண்ணைப் படமெடுத்தால் நீள அகலம் அளந்து சொல்லும் செயலி. முகத்தைப் பார்த்து வலி இருக்கிறதா என்று கணிக்கும் ‘பெயின்செக்’ என்ற அவுஸ்திரேலியச் செயலி. டொரன்டோ செயின்ட் மைக்கேல்ஸ் வைத்தியசாலையில் ‘சார்ட்வாட்ச்’ என்று ஒன்று இருக்கிறது. பொது மருத்துவ விடுதியில் இருப்பவர்களின் பரிசோதனை முடிவுகள், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் விடாமல் படித்து, யாருடைய நிலை மோசமாகப் போகிறது என்று வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்கிறது. 2024இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, அங்கே எதிர்பாராத மரணங்கள் 26 சதவீதம் குறைந்தன. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இப்படிப்பட்ட ஒன்று படிப்பது, யாரோ ஒருவர் எழுதிவைத்த எண்களை. ஒரு நிமிடம் நின்று மூச்சை எண்ணப் பஞ்சிப்பட்டு, எல்லோருக்கும் 18 என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணினி அந்த 18ஐ அப்படியே நம்பும். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் அப்படித்தான். கறுப்பின நோயாளிகளுக்கு ஒட்சிசன் உண்மையில் குறைந்திருந்தும் அது காட்டாமல் விடுவது, வெள்ளையரோடு பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, நம்மைப் போன்ற நிறத்தவருக்குக் கருவி 94 என்று காட்டினாலும் நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் இல்லத்துக்கு நம் பக்கத்து ஐயா ஒருவர் வந்தார். மறதி நோய். நாற்பது வருடம் பேசிய ஆங்கிலம் போய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். கட்டிலில் பொருத்திய உணரி இரவில் நாலைந்து தடவை அலறும், ஐயா எழும்பிவிட்டார் என்று. காலையில் அதன் அறிக்கையில் ‘விழும் ஆபத்து அதிகம்’ என்று சிவப்பில் நிற்கும். நித்திரைக்கு ஏதாவது கொடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நான் பக்கத்தில் இருந்து, ஏன் ஐயா எழும்புகிறீர்கள் என்று கேட்டேன். முதல் இரவு பதில் இல்லை, பெண்பிள்ளையிடம் சொல்ல வெட்கம். ஊர்க்கதை, கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் தேர் என்று இழுத்து, மூன்றாம் இரவுதான் வாயைத் திறந்தார்: சலம் முட்டுகிறது பிள்ளை. வைத்தியசாலையிலிருந்து வந்தபோது சிறுநீர் போவதற்கான குளிசை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதைப் பின்னேரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாதியிடம் சொன்னேன், அவர் வைத்தியரிடம் பேசிக் குளிசையைக் காலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு உணரி இரவில் ஒரு தடவைதான் அலறியது. உணரி பொய் சொல்லவில்லை, எத்தனை தடவை என்று சரியாகத்தான் எண்ணியிருந்தது.

எனவே வேலை போய்விடுமே என்று பயப்படாதீர்கள். பயப்பட வேறு ஒன்று இருக்கிறது. வீடுகளுக்குப் போன காலத்தில் நான் இருந்த நிறுவனம் நேர அட்டவணை போடும் வேலையைக் கணினியிடம் விட்டது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்று அது கணக்குப் போட்டது, கார் ஓடுகிறவருக்கு. நான் பெப்ரவரி பனியில் மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பேன். தாமதம் எல்லாம் என் பெயரில் பதிவாகும். யாரிடம் முறையிட்டாலும் ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது’ என்பார்கள். வேலைக்குச் சேரும்போது பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டா, அட்டவணையை மாற்ற ஒரு மனிதர் இருக்கிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

நமது ஒன்டாரியோ மாகாணத்தின் 2021ஆம் ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம், இல்லங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. தாதிமாரும் எங்களைப் போன்றவர்களும் கொடுக்கிற மணித்தியாலங்கள்தான் அந்தக் கணக்கில் வரும். உணரி கண்விழித்த நேரம் வராது. அண்ணனுக்கு இதையும் காட்டுங்கள்.

படிப்பைப் பற்றி. கல்லூரி என்றால் இரண்டு தவணை. குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் உங்களுக்குச் சீக்கிரம் கைவரும். ஊரில் வைத்தியசாலை விடுதி வாசலில் பாயோடும் சுடுதண்ணீர்ப் போத்தலோடும் ஆளுக்குத் துணை நின்ற பரம்பரைதானே நாம். கஷ்டம் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவதில் இருக்கும். ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதாதீர்கள். பாதிச் சாப்பாட்டை விட்டார், இடது காலை ஊன்றவில்லை, மகள் வந்துபோன பிறகு அழுதார் என்று எழுதுங்கள். இப்போது உங்கள் குறிப்பைத் தாதியும் படிக்கிறார், கணினியும் படிக்கிறது. முடித்ததும் 2024 டிசம்பரில் தொடங்கிய, பராமரிப்பு உதவியாளர்களுக்கான மாகாணப் பதிவேட்டில் பெயரைப் பதியுங்கள். கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். பிறகு ஆர்.பி.என். என்று இங்கே சொல்லும் பதிவுபெற்ற தாதிப் படிப்புக்குப் போக இணைப்புப் படிப்புகள் இருக்கின்றன. நான் அதற்குப் போகாததற்குச் சோம்பல்தான் காரணம், பிள்ளைகளைச் சாட்டிவிடுவேன்.

செயன்முறைப் பயிற்சிக்கு அனுப்புமுன் தடுப்பூசி விபரமும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை அம்மா எங்கேயாவது பத்திரப்படுத்தியிருப்பார். இன்றைக்கே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.