களி சாப்பிட்டால் இரத்தம் ஊறுமா?

கேள்வி: பென்னாகரத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கிறேன். எனக்கு இது ஐந்தாவது மாதம். ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைத் தந்ததாலும், மலம் கறுப்பாகப் போனதாலும் பயந்து நிறுத்திவிட்டேன். தினமும் கேழ்வரகுக் களி சாப்பிட்டாலே இரத்தம் ஊறிவிடும் என்கிறார் மாமியார். குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். என்ன செய்யலாம்?

பதில்: மாத்திரையை இன்றே மீண்டும் தொடங்குங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகைதான், 9.2 என்பது மிதமான இரத்தசோகை. அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், உணவால் மட்டும் ஈடுகட்டக்கூடிய அளவை அது தாண்டிவிட்டது.

உங்கள் மாமியார் களியை மதிப்பது சரியே. ஆனால் அதன் பெருமை சுண்ணாம்புச்சத்தில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு; இரும்போ சுமார் 4 மில்லிகிராம்தான். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை. கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட்டும் துவர்ப்புப் பொருள்களும் அந்தச் சிறிதளவு இரும்பையும் உடலில் முழுமையாகச் சேரவிடுவதில்லை. தானியத்தை முளைகட்டி அரைத்தாலோ, மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலோ இந்தத் தடை கணிசமாகக் குறையும். நம் பக்கத்துப் புளித்த கூழை நான் விரும்பிப் பரிந்துரைப்பது இதனால்தான். களிக்குக் கீரைக் கடைசலோ, கொள்ளுக் குழம்போ தொட்டுக்கொள்ளும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும்.

மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பான விளைவே, தீங்கில்லை. குமட்டல் இருந்தால், இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் தண்ணீருடன் விழுங்கிப் பாருங்கள். பால், டீ, காபி ஆகியவற்றுடன் சேர்த்து விழுங்க வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடாமல், காலை உணவோடும் மதிய உணவோடும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒரு மாதத்தில் மறுபரிசோதனை செய்து, அளவு உயராவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றவும் வழியுண்டு.

தண்ணீரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்த நீர் குடிக்கத் தகாது. காய்ச்சினால் கிருமிகள் சாகுமே தவிர ஃப்ளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருமானால், குடிப்பதற்கு மட்டுமன்றிக் களி கிண்டுவதற்கும் அதையே பிடித்து வையுங்கள்.

இதற்கிடையில் நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, படபடப்பு, முகவீக்கம், தலைச்சுற்றல் இருந்தாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.